கத்தலினாவின் 145 வாரிசுகள்: நியூ நெதர்லாந்தில் ஒரு குடும்பம் வேரூன்றிய கதை

1680இல் யாஸ்பர் டான்கார்ட்ஸ் என்ற டச்சுக்காரர் நியூயார்க்கில் படகேறி, எதிர்க்கரையில் லாங் ஐலண்டிலிருந்த வாலபௌட் என்ற குடாவுக்குப் போனார். லாபடிஸ்டுகள் எனப்படும் கடுமையான பக்திக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். தம் சபையார் குடியேற இடம் தேடி அமெரிக்கா வந்திருந்தார். யாரைப் பார்த்தாலும் அவரிடம் ஓர் ஆன்மிகக் குறையைக் கண்டுபிடித்து நாட்குறிப்பில் எழுதாமல் அவருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. அன்று அவர் சந்தித்தது இன்றைய வட பிரான்சிலுள்ள வலென்சியேன் பகுதியிலிருந்து வந்த, எழுபத்து நான்கு வயதான, பிரெஞ்சு பேசும் வாலூன் இனத்து மூதாட்டி ஒருவரை. உலகப்பற்று மிகுந்தவர், உடலும் உள்ளமுமாகத் தன் சந்ததிக்குள்ளேயே வாழ்பவர் என்று குறை சொல்லிவிட்டு, அந்தச் சந்ததியின் எண்ணிக்கையையும் எழுதிவைத்தார்: 145 பேர், விரைவில் 150 ஆகிவிடும். இத்தனை பேர் இருந்தும் அந்த அம்மாள் மற்றவர்களிடமிருந்து சற்றுத் தள்ளித் தனியாகவே குடியிருந்தார்; சிறிய தோட்டம் வைத்துக்கொண்டு தன் தேவைகளைத் தானே பார்த்துக்கொண்டார் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது.

அந்த மூதாட்டியின் பெயர் கத்தலினா திரிக்கோ. அப்போது அவர் கைம்பெண். கணவர் யோரிஸ் யான்சன் ராபல்யே காலமாகிப் பதினேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. இருவரையும் அங்கே அழைத்துவந்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனிக்கு அந்த மண்ணில் வேலையே இல்லாமல் போய்ப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆங்கிலேயர் 1664இல் ஒரு குண்டுகூடச் சுடாமல், நியூ நெதர்லாந்து எனப்பட்ட அந்த டச்சுக் குடியேற்றத்தின் தலைநகரான நியூ ஆம்ஸ்டர்டாமை வாங்கிக்கொண்டு, அதற்கு நியூயார்க் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கம்பெனி கட்டிய கோட்டைகளும் அனுப்பிய ஆளுநர்களும் நாற்பது ஆண்டுகள்தான் தாக்குப்பிடித்தனர். எழுத்தறிவில்லாத ஒரு தம்பதி தொடங்கிய குடும்பம் நிலைத்து நின்றது. குடியேற்றம் எப்படி வேர்விட்டது என்று கேட்பவர்கள் கடைசி டச்சு ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்டின் மரக்காலைப் பற்றிப் படிப்பதைவிட இந்தக் குடும்பத்தின் பத்திரங்களைப் புரட்டினால் நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

முதல் பத்திரம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. 1624 ஜனவரி 13 தேதியிட்ட திருமணப் பதிவு அது. மணமகன் வலென்சியேன் ஊர்க்காரர், வயது 19, துணி நெசவாளர். மணமகள் எய்னோ பகுதியில் பிரிஷ் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர், வயது 18, சகோதரியுடன் வந்திருக்கிறார், குடியிருப்பது நெஸ் தெருவில். இருவரும் கையெழுத்துக்குப் பதிலாக அடையாளக் குறியிட்டிருக்கிறார்கள். பெற்றோர் யாரும் உடன் வந்ததாகத் தெரியவில்லை. ஜனவரி 21இல் அதே நகரின் வாலூன் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. நான்கு நாள் கழித்து, 25ஆம் தேதி, 'ஏன்ட்ராக்ட்' என்ற கப்பல் டெக்ஸல் தீவிலிருந்து பாய்விரித்தது. அதில் இந்தப் புதுமணத் தம்பதியும் இருந்தனர்.

கல்யாணம் முடிந்த நான்காம் நாளே கடல்பயணம் என்பதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. கம்பெனிக்கு அப்போது தேவைப்பட்டவர்கள் ஜோடிகள். தனி ஆண்களை அனுப்பினால் இரண்டு குளிர்காலம் தோல் வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குடும்பம் என்றால் அங்கேயே தங்கும். தங்கினால்தான் அந்த மண் தனது என்று பிற நாடுகளிடம் வாதாட முடியும். பிற்காலத்தில் அளித்த வாக்குமூலம் ஒன்றில், தன்னுடன் அதே கப்பலில் வந்த நான்கு பெண்களுக்கு நடுக்கடலிலேயே திருமணம் நடந்தது என்று கத்தலினா சொல்லியிருக்கிறார். ஜோடி சேர்ப்பது கம்பெனிக்கு எவ்வளவு அவசரமான வேலையாக இருந்தது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

டச்சுக்காரர்கள் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பழவேற்காடும் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணக் கோட்டையும். அவை கிழக்கிந்தியக் கம்பெனியின் இடங்கள். மிளகு, துணி, இலவங்கப்பட்டை என்று அதன் வழி வேறு. 1621இல் தொடங்கிய மேற்கிந்தியக் கம்பெனி தனி நிறுவனம். ஸ்பெயினின் கப்பல்களைக் கொள்ளையடிப்பது, பிரேசிலில் சர்க்கரை, மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வியாபாரம் ஆகியவற்றில்தான் அதன் கண் இருந்தது. ஹட்சன் ஆற்றங்கரை அதற்கு ஓர் ஓரத்து வரவு. அங்கே கிடைத்தது பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல். ஐரோப்பாவில் தொப்பி செய்ய அதற்கு நல்ல கிராக்கி இருந்தது.

அந்த ஓரத்து வரவுக்கு ஆள் பிடிப்பது எளிதாக இல்லை. ஹாலந்து அன்று செழிப்பான நாடு. கையில் வேலையுள்ள டச்சுக்காரன் ஏன் காட்டுக்குப் போக வேண்டும்? ஆகவே முதலில் போனவர்களில் பெரும்பாலோர் வாலூன்கள். இன்றைய பெல்ஜியத்தின் தென்பகுதியிலும் வட பிரான்சிலும் ஸ்பானிய ஆட்சியின்கீழ் வாழ்ந்து, சமய நெருக்கடியாலும் போராலும் பிழைப்புக்காகவும் வடக்கே பெயர்ந்த பிரெஞ்சு பேசும் மக்கள் அவர்கள். 1621இலேயே ஐம்பது, அறுபது வாலூன் குடும்பங்களைத் திரட்டிய ஜெஸ் தெ ஃபோரெ என்பவர், வர்ஜீனியாவில் குடியேற அனுமதி கேட்டு ஹேக் நகரிலிருந்த ஆங்கிலத் தூதரிடம் மனுக் கொடுத்திருந்தார். ஒரே இடத்தில் கூட்டாகக் குடியிருக்க வர்ஜீனியாக் கம்பெனி ஒப்பாததால் அது கைகூடவில்லை. ஆள் தேடிய மேற்கிந்தியக் கம்பெனியும் இடம் தேடிய வாலூன்களும் சந்தித்தது இப்படித்தான். அமெரிக்காவின் 'ஆதி டச்சுக் குடியேறிகள்' என்று நாம் சொல்லும் கூட்டத்தில் பலருக்கு வீட்டில் டச்சு மொழியே புழங்கவில்லை.

1624 மார்ச்சில் கம்பெனி வகுத்த விதிகள் தாராளமாகவும் இருந்தன, இறுக்கமாகவும் இருந்தன. நிலம் உண்டு. ஆனால் ஆறாண்டு அங்கேயே தங்கியாக வேண்டும். கோட்டை கட்டும் வேலைக்குக் கைகொடுக்க வேண்டும். பழங்குடியினரிடம் தோல் வாங்கலாம், விற்பது கம்பெனிக்கு மட்டும்தான். கத்தலினாவும் யோரிஸும் ஹட்சன் ஆற்றில் மேலேறி, இன்றைய ஆல்பனி இருக்கும் இடத்துக்குப் போனார்கள். கப்பல் பாதி வழியில் ஆழம் போதாமல் திணறியபோது, முந்தைய ஆண்டு வியாபாரிகள் விட்டுச்சென்ற படகுகளில் சரக்கை இறக்கி எடை குறைத்து மேலே கொண்டுபோனதாகக் கத்தலினா நினைவுகூர்கிறார். ஏறக்குறைய பதினெட்டுக் குடும்பங்கள். சிறிய கோட்டை ஒன்று கட்டி ஆரஞ்சு என்று பெயரிட்டார்கள். வீடு என்று சொல்ல மரப்பட்டைக் குடிசைகள்தான். அந்தக் குடியிருப்பில் 1625 ஜூன் 9 அன்று அவர்களின் முதல் மகள் சாரா பிறந்தாள்.

அடுத்த ஆண்டே அவர்கள் இடம்பெயர நேர்ந்தது. அந்தப் பகுதியில் மாஹிகன்களுக்கும் மோஹாக்குகளுக்கும் இடையே தோல் வணிகப் பாதைக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பழங்குடியினரின் சண்டையில் தலையிடக் கூடாது என்பது கம்பெனியின் உத்தரவு. ஆரஞ்சுக் கோட்டையின் தளபதி கிரீக்கன்பேக் அதை மீறி, ஆறு ஆட்களுடன் மாஹிகன்களுக்குத் துணையாகப் போய், மோஹாக்குகளின் அம்புகளுக்கு இரையானார். அவருடன் மூவரும் மாண்டனர். கம்பெனியின் இயக்குநர், அதாவது ஆளுநர், பீட்டர் மினுயிட் கோட்டையில் பெண்களில்லாத பதினாறு பேர் கொண்ட சிறு காவல்படையை மட்டும் நிறுத்திவிட்டு, குடும்பங்களையெல்லாம் மன்ஹாட்டன் தீவுக்கு வரவழைத்துக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஹேக் நகருக்குப் போன புகழ்பெற்ற கடிதம் ஒன்று மூன்று செய்திகளைச் சேர்த்தே சொல்கிறது: மன்ஹாட்டன் தீவு 60 கில்டர் மதிப்புள்ள பொருளுக்கு வாங்கப்பட்டது, அங்குள்ள பெண்கள் பிள்ளைகள் பெற்றிருக்கிறார்கள், கப்பலில் 7,246 பீவர் தோல்கள் வந்திருக்கின்றன. நிலம், பிள்ளை, தோல். குடியேற்றத்தின் வரவுப் பட்டியல் அவ்வளவுதான்.

மன்ஹாட்டனில் குடும்பம் பெருகியது. 1625 முதல் 1650 வரை பதினொரு குழந்தைகள். சாரா, மரித்யே, யானத்யே, யூடித் என்று வரிசையாக நான்கு பெண்கள் பிறந்த பிறகே 1637இல் முதல் ஆண்பிள்ளை யான் பிறந்தான். அதே ஆண்டு ஜூன் 16 அன்று யோரிஸ் ஒரு நிலம் வாங்கினார். லாங் ஐலண்டில் குடாவை ஒட்டிய ரின்னகக்கொங்க் என்ற பகுதி. விற்றவர்கள் ககாபெத்தெய்னோ, பெவிசாஸ் என்ற இரு லெனாப்பே பழங்குடித் தலைவர்கள். 167 மோர்கன் பரப்பு, ஏறத்தாழ 335 ஏக்கர். வலென்சியேனில் கைத்தறி ஓட்டியவருக்கு இது பிறந்த ஊரில் கனவிலும் கிட்டாத சொத்து. விற்றவர்களோ, அந்த இடத்தைப் பயன்படுத்த ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொண்டதாகத்தான் நினைத்திருப்பார்கள். நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் பயிரிடவும் உள்ள உரிமையைப் பகிர்வது அவர்கள் வழக்கம். வேலியடைத்து 'இனி வராதே' என்று சொல்லும் முழுக் கிரயம் அவர்கள் முறையில் இல்லை. டச்சுக்காரர்களின் மாடுகளும் பன்றிகளும் வேலியற்ற சோளக்கொல்லைகளில் புகுந்தபோது இந்த வேறுபாடு இரு தரப்புக்கும் புரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

யோரிஸைப் பற்றிய பதிவுகளில் மிகவும் யோசிக்க வைப்பது 1641ஆம் ஆண்டுப் பதிவு. அந்த ஆகஸ்டில் கிளாஸ் ஸ்விட்ஸ் என்ற முதியவரை ஒரு பழங்குடி இளைஞன் கோடரியால் வெட்டிக் கொன்றான்; பல ஆண்டுகளுக்கு முன் தன் மாமனை டச்சுக்காரர்கள் கொன்றதற்குப் பழி என்றான். இயக்குநர் வில்லெம் கீஃப்ட் இதைச் சாக்காக வைத்துப் போருக்குப் போகத் துடித்தார். பழி தன் தலையில் மட்டும் விழக் கூடாது என்பதற்காகக் குடியேறிகளைக் கூட்டி, பன்னிரண்டு பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அந்தக் குடியேற்றத்தின் முதல் பிரதிநிதிகள் குழு அது. அதில் யோரிஸ் ராபல்யேயும் ஒருவர். பதினேழு ஆண்டுகளுக்கு முன் கைநாட்டு வைத்துக் கப்பலேறிய நெசவாளி, இப்போது போரா சமாதானமா என்று ஆளுநருக்கு ஆலோசனை சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்.

அந்தக் குழு முதலில் பொறுமையாக இருக்கச் சொன்னது. பிறகு நிபந்தனைகளோடு இணங்கியது. கூடவே ஆட்சியில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டது. அந்தக் கேள்வி பிடிக்காத கீஃப்ட் 1642 பிப்ரவரியில் குழுவைக் கலைத்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் குழுவின் முன்னாள் உறுப்பினர் மூவர் மட்டும் எல்லோர் பெயராலும் எழுதிய மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, இரவோடு இரவாகத் தாக்க ஆணையிட்டார். வேறு பகையினருக்கு அஞ்சி டச்சுக்காரர்களை நம்பி ஒதுங்கியிருந்த லெனாப்பே மக்கள், பவோனியாவில் எண்பது பேரும் கோர்லார்ஸ் ஹூக்கில் நாற்பது பேரும் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் தப்பவில்லை. குழுவின் தலைவராக இருந்த டி ஃப்ரீஸ் அன்றிரவு கோட்டை அடுப்படியில் உட்கார்ந்து ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த அலறலைக் கேட்டதாக எழுதியிருக்கிறார்.

கோர்லார்ஸ் ஹூக் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டான்கார்ட்ஸ் தம் குறிப்பில் வாலபௌட் குடாவுக்கு அடையாளம் சொல்லும்போது, 'கோர்லார்ஸ் ஹூக்குக்கு நேர் எதிரே' என்கிறார். அதாவது யோரிஸ் வாங்கிய நிலத்தின் கரையில் நின்றால் எதிரே தெரியும் முனை அது. மனுவில் கையெழுத்திட்ட மூவரில் யோரிஸ் இல்லை. எதிர்த்துப் பேசியவர் என்று டி ஃப்ரீஸைப் போல அவருக்குப் பெயரும் இல்லை. படுகொலைக்கு நான்கு மாதம் கழித்து, 1643 ஜூன் 17 அன்று, அவருடைய ரின்னகக்கொங்க் நிலத்துக்குக் கம்பெனி முறைப்படி பட்டா வழங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட போரில் லெனாப்பேக்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள்; குடியேறிகளின் பண்ணைகளும் எரிந்தன. போர் முடிந்தபோது ஆற்றின் இரு கரைகளிலும் நிலத்துக்கு உரிமை கோரும் பழங்குடிக் கரங்கள் மிகவும் குறைந்திருந்தன. பட்டாவின் மதிப்பு கூடியது அதனால்தான்.

1650களின் நடுவில் குடும்பம் மன்ஹாட்டன் பேர்ல் தெரு வீட்டை விற்றுவிட்டுக் குடாவுக்கே குடிபெயர்ந்தது. பக்கத்தில் உருவான புரூக்கலென் என்ற கிராமம்தான் இன்றைய புரூக்ளின். 1655 தொடங்கிப் பல தடவை யோரிஸ் அங்கே மாஜிஸ்திரேட்டாக இருந்தார். வேலித் தகராறு, கடன், வசைச்சொல் வழக்கு என்று கிராமப் பஞ்சாயத்துக்கு உரிய வழக்குகள்தான் பெரும்பாலும் அத்தகைய நீதிமன்றங்களுக்கு வந்தன. 1662-63 வாக்கில் அவர் இறந்தார்.

இந்தக் குடும்பம் இவ்வளவு விரைவாகப் பரவியதற்குப் பெண்பிள்ளைகள்தான் காரணம். நியூ நெதர்லாந்தில் ஆண்கள் பலர், மணமாகாத பெண்கள் சிலர். மகள் பதின்வயதைத் தாண்டும் முன்பே மாப்பிள்ளைகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சாரா 1639இல், பதினான்கு வயதில், நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து வந்த கப்பல் தச்சர் ஹான்ஸ் ஹான்சனை மணந்தாள். யானத்யே ரெம் யான்சன் என்ற கொல்லரை மணந்தாள். மரித்யேயின் கணவர் மிகேல் பவுலுசன். மருமகன்கள் எல்லாம் கைத்தொழிலாளிகள் அல்லது உழவர்கள். ஒருவர் நார்வேக்காரர், இன்னொருவர் ஜெர்மன் கரையோரத்தவர். தந்தை பெயரையே பின்பெயராக வைத்துக்கொண்டிருந்த இவர்களின் பிள்ளைகள், ஆங்கில ஆட்சியில் நிலையான குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டபோது பெர்கன், ரெம்சன், வாண்டர்வூர்ட் என்று பிரிந்தார்கள். லாங் ஐலண்டின் பழைய குடும்பங்கள் என்று இன்று தனித்தனியாகப் பேசப்படுபவை பலவும் இந்த அக்கா தங்கைகளின் வழியாக ஒரே வீட்டுக்கு வந்து சேர்கின்றன.

டச்சுச் சட்டமும் இதற்கு உதவியது. கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்து; ஒருவர் இறந்தால் மற்றவருக்குப் பாதி நிச்சயம். மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இருவரும் சேர்ந்து உயில் எழுதுவது வழக்கம். மனைவி தன் பிறந்த வீட்டுப் பெயரைக் கடைசிவரை வைத்துக்கொள்வாள். ஆகவேதான் பதினொரு பிள்ளை பெற்ற பிறகும் எல்லா ஆவணங்களிலும் அவர் கத்தலினா திரிக்கோவாகவே இருக்கிறார். ஆங்கிலப் பொதுச் சட்டம் மூத்த மகனுக்கு முன்னுரிமை தருவது. மணமான பெண்ணின் சொத்தைக் கணவன் கையில் ஒப்படைப்பது. 1664க்குப் பின் அந்தச் சட்டம் மெல்ல மெல்ல ஊன்றியபோதும், புரூக்ளின் பக்கத்து டச்சுக் குடும்பங்கள் தங்கள் உயில்களில் பழைய முறையை நெடுநாள் விடவில்லை.

சாராவின் மனு ஒன்று 1656 ஏப்ரல் 4 தேதியிட்டு இருக்கிறது. ஹான்ஸ் இறந்துவிட்டார், ஏழு பிள்ளைகள். ஏற்கெனவே தனக்குள்ள இருபது மோர்கன் நிலத்தோடு ஒரு புல்வெளியையும் வழங்க வேண்டும் என்று ஆளுநரின் மன்றத்தைக் கேட்கிறார். அந்த மனு அவரை அறிமுகப்படுத்தும் முறைதான் கெட்டிக்காரத்தனம்: 'நியூ நெதர்லாந்தில் முதலில் பிறந்த கிறிஸ்தவ மகள்'. மாட்டுக்குப் புல் தேடிய ஒரு விதவையின் நடைமுறை வாதம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே அடைமொழியை எடுத்து 'முதல் வெள்ளைக் குழந்தை' என்று மாற்றி, அதைச் சுற்றி ஒரு புனிதக் கதையே எழுப்பிவிட்டார்கள். சாரா பிறந்தது புரூக்ளினில் என்றுகூட அந்த ஊர்க்காரர்கள் நெடுங்காலம் உரிமை கொண்டாடினார்கள்; அவள் பிறந்தது அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஆற்றின் மேற்பகுதியில். சாரா பின்னர் தியூனிஸ் கைஸ்பர்ட்சன் போகார்ட்டை மணந்து மேலும் பிள்ளைகள் பெற்றார். ஹாலிவுட் நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட் அந்தக் கிளையில் வந்தவர்.

கத்தலினாவின் வாக்குமூலங்களுக்கு வருவோம். இரண்டு இருக்கின்றன, நியூ நெதர்லாந்தின் முதல் ஆண்டைப் பற்றி, நேரில் கண்ட ஒரு பெண் சொன்னதாக நமக்குக் கிடைப்பவை இவைதான் என்பதால் வரலாற்றாசிரியர்கள் இவற்றை விடாமல் எடுத்தாள்கிறார்கள். முதலாவது 1685ஐ ஒட்டியது. டெலவேர் ஆற்றங்கரையில் முதலில் குடியேறியவர் யார் என்பது அதன் பொருள். இரண்டாவது 1688 அக்டோபர் 17 அன்று, நீதிபதி வில்லியம் மாரிஸ் வாலபௌட்டில் கத்தலினாவின் வீட்டுக்கே வந்து எழுதிக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 83. எழுதியவர் ஆங்கிலேயர், பிறந்த ஊர் பிரிஷ் என்று அம்மாள் சொன்னதைப் பாரிஸ் என்று எழுதிக்கொண்டார். வந்த ஆண்டு 1623 என்கிறது வாக்குமூலம். ஆம்ஸ்டர்டாம் திருமணப் பதிவு அதை மறுக்கிறது.

இவை சிறு பிழைகள். கவனிக்க வேண்டியது வேறொன்று. குடிசை போட்டவுடனேயே மாஹிகன்கள், மோஹாக்குகள், ஒனைடாக்கள், ஒனன்டாகாக்கள், கயூகாக்கள், செனகாக்கள் எல்லோரும் பீவர் தோல்களைப் பரிசாகக் கொண்டுவந்து நட்பு உடன்படிக்கை செய்துகொண்டார்கள் என்று அந்த வாக்குமூலம் ஒவ்வொரு இனமாகப் பெயர் சொல்கிறது. தான் அங்கிருந்த மூன்று ஆண்டுகளும் அவர்கள் ஆட்டுக்குட்டிகளைப் போல அமைதியாக இருந்தார்கள் என்றும் சொல்கிறது. கிரீக்கன்பேக்கும் மற்றவர்களும் கொல்லப்பட்டு, தன் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவந்த சம்பவம் அதில் இல்லை. 83 வயதில் மறந்திருக்கலாம். ஆனால் காலத்தைப் பார்த்தால் இன்னொரு காரணமும் தோன்றுகிறது. 1680களில் கனடாவிலிருந்த பிரெஞ்சுக்காரர்களும் நியூயார்க்கின் ஆங்கிலேயரும், மோஹாக்குகள் முதல் செனகாக்கள் வரையிலான இரோகுவாய் ஐந்தினக் கூட்டமைப்பின்மீது யாருக்கு மேலுரிமை என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றார்கள். டச்சுக்காரர்கள் ஆதியிலேயே அந்த இனங்களோடு உடன்படிக்கை செய்தார்கள் என்றால், டச்சுக்காரர்களின் வாரிசான ஆங்கிலேயருக்கு வாதம் வலுக்கும். நீதிபதி ஒருவர் தள்ளாத மூதாட்டியின் வீடு தேடி வந்தது அவருடைய இளமைக் கதையைக் கேட்டு ரசிப்பதற்காக இருக்காது. கேட்ட கேள்விக்கு ஏற்ற பதில்தான் பத்திரத்தில் ஏறும். மறு ஆண்டு செப்டம்பரில் கத்தலினா இறந்தார்.

அவர் இறந்த பிறகு குடும்பத்தின் கதையை மற்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசதிபெற்ற வாரிசுகளுக்கு நெசவாளி மூதாதையர் போதவில்லை. வம்சாவளி எழுதுபவர்கள் பதினோராம் நூற்றாண்டு வரை நீளும் 'தெ ராபல்யே' என்ற பிரெஞ்சுப் பிரபு குலத்தையும், மதக் கொடுமைக்குத் தப்பி ஓடிய ஒரு படைத்தளபதியையும் படைத்துக் கொடுத்தார்கள். குலச்சின்னமும் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டில் வலென்சியேன் புனித நிக்கோலஸ் ஆலயப் பதிவேட்டில் யோரிஸுக்கு 1604 ஏப்ரலில் நடந்த ஞானஸ்நானம் கண்டெடுக்கப்பட்டபோது அந்தக் கோட்டை இடிந்தது. கத்தோலிக்க ஆலயத்தில் நீர்தெளிக்கப்பட்ட சாதாரணக் குடும்பத்துப் பையன் அவன். ஆனாலும் பழைய கதை இன்னும் வம்சாவளி நூல்களில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பிரபு மூதாதையரை ஒருமுறை பெற்றவர்கள் அவரை அவ்வளவு எளிதில் திருப்பித் தருவதில்லை.

வாரிசுகளின் எண்ணிக்கை இன்று பத்து லட்சத்தை எட்டியிருக்கலாம் என்ற மதிப்பீடும் அடிக்கடி சொல்லப்படுகிறது. நான்கு நூற்றாண்டு, பதினொரு பிள்ளைகள் என்றால் அது நம்பக்கூடிய கணக்குதான். ஆனால் அந்த நிலங்களை உழுதவர்கள் யார் என்று கேட்டால் வேறு கணக்கு ஒன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. புரூக்ளினை உள்ளடக்கிய கிங்ஸ் கவுன்டியில் 1698இல் 2,017 பேர் இருந்தனர். அவர்களில் 296 பேர் கறுப்பினத்தவர், கிட்டத்தட்ட அனைவரும் அடிமைகள். 1790இல் மக்கள்தொகை 4,495. அதில் 1,432 பேர் அடிமைகள், ஏறத்தாழ மூன்றில் ஒருவர். ராபல்யே, ரெம்சன், பெர்கன் ஆகிய பெயர்கள் அடிமை வைத்திருந்தவர்களின் பட்டியல்களில் இருக்கின்றன. டச்சுப் பண்ணைக் குடும்பங்கள் நியூயார்க் மாநிலத்திலேயே அடிமைமுறையைக் கடைசிவரை இறுகப் பிடித்திருந்தவர்களில் சேர்ந்தவை. அங்கே அது முற்றாக ஒழிய 1827 ஆனது.

வாலபௌட் குடாவும் மாறியது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷார் தங்கள் சிறைக்கப்பல்களை அங்கேதான் நிறுத்தினார்கள். பட்டினியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கான கைதிகள் இறந்தனர். பிணங்களைப் புதைத்தது ரெம்சன் ஆலையை ஒட்டிய மணற்கரையில். 1801இல் அமெரிக்க அரசு அந்தக் கரையை வாங்கிக் கடற்படைக் கப்பல்தளம் அமைத்தது.

அதே போரில் யோரிஸின் வழிவந்த ஜான் ராபல்யே ஆங்கிலேய மன்னரின் பக்கம் நின்றார். புரூக்ளின் படகுத்துறையை அடுத்து அவருக்குப் பெரிய சொத்து இருந்தது. போர் முடிந்ததும் புதிய குடியரசு அதைப் பறிமுதல் செய்தது. 1784இல் சாண்ட்ஸ் சகோதரர்கள் அதை விலைக்கு வாங்கி மனை பிரித்தார்கள். ஜான் இங்கிலாந்துக்குக் கப்பலேறும்போது புரூக்ளின் ஊரின் பழைய ஆவணங்களையும் கையோடு எடுத்துச் சென்றுவிட்டார் என்று அந்த ஊரின் பழைய வரலாறுகள் குற்றஞ்சாட்டுகின்றன. அவை திரும்பி வரவே இல்லை. ஆகவே அந்தக் கிராமத்தின் முதல் நூற்றாண்டை எழுத முனைபவர்கள், இன்றும் ஆளுநர் மன்றத்தின் குறிப்புகளையும் தேவாலயப் பதிவேடுகளையும் குடும்பங்கள் பெட்டியில் வைத்திருந்த பத்திரங்களையும்தான் நம்பியிருக்கிறார்கள்.